பச்சைக்கு நடுவே நீலம்

ஆரணியில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட எனக்கு உரிமை இருந்தது. எந்தத் துணிக்குப் பக்கத்தில் எந்தத் துணி என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் இல்லை. அது கீழே இருந்த வீட்டு ஓனருடையது. குடிபோன முதல் வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். காலையில் அவசர அவசரமாக உதறிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். மாலையில் வந்து பார்த்தால் என் புடவைகள் வெளிர் நிறத்தில் ஆரம்பித்து அடர் நிறம் வரை வரிசையாகத் தொங்கும். என் கணவரின் சட்டைகளுக்கும் அதே கதி. க்ளிப்புகள்கூடத் துணியின் நிறத்துக்கு மாறியிருக்கும்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யாரோ ஒரு மனிதர் என் புடவையைத் தொடுவதாவது. விடுவிடுவென்று இறங்கிப் போய்க் கேட்டேன்.

"கத்திரிப்பூ கலரு பக்கத்துல மஞ்சளப் போட்டுட்டுப் போயிட்டீங்களே டீச்சர். மேல வந்து பாத்தேன், கண்ணு கூசுது. சேராது டீச்சர்," என்றார். மன்னிப்புக் கேட்கும் குரலே இல்லை. அடுப்பை அணைக்காமல் போனவளுக்கு நினைவூட்டுகிற குரல். அவர் முதுகுக்குப் பின்னால் அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, விட்டுவிடு என்று எனக்குக் கை காட்டினார். விட்டுவிட்டேன். பத்துப் பொருத்தமும் பார்த்துப் புடவை உலர்த்தும் வீட்டு ஓனர் வேறு யாருக்கு வாய்த்திருக்கும்.

அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அந்த வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்கம் முன்கூடம், நடுக்கட்டில் சாயப் பட்டறை, அப்புறம் கிணற்று முற்றம், அதையும் தாண்டிப் பின்கட்டில் ஓர் அறை. நடுக்கட்டில் எப்போதும் ஆவியும் ஒரு புளித்த வாசனையும் இருக்கும். சாயம் வேறெங்கே போட்டாலும், புடவை உடம்புக்கு இன்ன நிறம், கரைக்கு இன்ன நிறம் என்று கேட்க நெசவு வீடுகளிலிருந்து இவரிடம்தான் வருவார்கள். நூல் சுருள்களான கழிகளைக் கிணற்றடி வெயிலில் பிரித்துப் பார்ப்பார். 'சேரும்' என்பார், அல்லது 'சேராது' என்பார். மூன்றாவது வார்த்தை கிடையாது. ஒரு கல்யாண வீட்டார் கடுகு மஞ்சள் உடம்புக்கு ரோஸ் கரை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். "கல்யாணம் உங்களுது, கண்ணு என்னுது. வேற எடம் பாத்துக்கங்க," என்று கழியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டுத் தட்டில்கூட பீட்ரூட் பொரியலுக்குப் பக்கத்தில் சாம்பார் ஊற்றவிட மாட்டார் என்று அவர் மனைவி சொல்வார். அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. மாடிக் கொடியில் பச்சை க்ளிப்புகளின் வரிசையில் வேண்டுமென்றே ஒரு சிவப்பு க்ளிப்பைச் செருகிவிட்டு வருவார். இவர் போய் மாற்றுவார். மறுநாள் சிவப்பு திரும்ப வந்திருக்கும். அவர்களுக்குள் நான் பார்த்த சண்டை அது ஒன்றுதான்.

அந்தக் கண்ணை நான் கேலி செய்வேன். ஆனால் ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, "டீச்சர், இப்டி வெளிச்சத்துல திரும்புங்க. கண்ணு வெள்ளையில மஞ்ச ஏறிகினு இருக்குது. ஜல்தி போய்க் காட்டுங்க," என்றவரும் அவர்தான். மஞ்சள் காமாலை. வீட்டில் என் கணவருக்கும் தெரியவில்லை, கண்ணாடி பார்த்த எனக்கும் தெரியவில்லை. குணமாகும்வரை கீழே இருந்துதான் எனக்குக் கஞ்சி வந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், புவனா. நான் குடிபோகும் முன்பே, தொண்ணூறுகளின் கடைசியில், வீட்டைவிட்டுப் போய்விட்டவள். வேலூரில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தபோது, கண்ணமங்கலத்தில் பஸ் ஏறும் ஒரு பையனோடு பழக்கம். பையன் எங்களைப் போலக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. மகள் வந்து சொன்னபோது இவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. கழிகளைப் பிரித்துக்கொண்டே "சேராது" என்றாராம். அவ்வளவுதான். மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்டபோது நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று அவருக்குத் தெரியும். வாடகைக்குச் சேரும், சம்பந்தத்துக்குச் சேராது போலிருக்கிறது என்று நான் என் கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நல்ல சிரிப்பு இல்லை அது.

கல்யாணம் செய்துகொண்ட பிறகு புவனா முதன்முதலாகப் போன் செய்த நாளைப் பற்றி அந்த அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா ரிசீவரைக் காதில் வைத்து "அம்மாடி" என்றிருக்கிறார். இவர் எழுந்து வந்து, சுவரில் இருந்த திருகாணியைக் கழற்றி, வயரை உருவி, நூல் கழி மாதிரி நேர்த்தியாகச் சுற்றி, ஆணியில் மாட்டிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். "பேசிகினே இருந்தேன் டீச்சர். அந்தப் பக்கம் யாரும் இல்லன்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது," என்றார் அந்த அம்மா. அதைக் கேட்டபிறகு பல நாள் என்னால் ஓனர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

புவனா கணவனோடு கனடாவுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆராதனை முடிந்து வந்ததும் அந்த அம்மா வற்றல் காயவைக்கிற சாக்கில் மாடி ஏறுவார். என் செல்போனில் அவள் கூப்பிடுவாள். வருஷக்கணக்கில் இப்படித்தான் ஓடியது. கீழே இருந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் மூவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கப் போய், பேச்சும் போய்விட்டது. குளியலறை பக்கத்தில் இருப்பதால் பின்கட்டு அறையில் கட்டில் போட்டார்கள். புவனா அப்போது நிறைமாதம். ஒரு தடவை நான் செல்போனை அந்த அம்மாவின் காதில் வைத்தேன். மகள் குரல் கேட்டதும் பதில் சொல்ல வாய் கோணிக் கோணி, வார்த்தை வராமல், அழுது மூச்சு முட்டிவிட்டது. டாக்டர் இனி போன் வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பக்கம் புவனாவுக்கு வெறும் விசும்பல்தான் கேட்டிருக்கிறது.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. சேதியை நான்தான் கீழே போய்ச் சொன்னேன். அன்று மாலை ஓனர் மாடி ஏறி வந்தார். கொடியைச் சரிசெய்ய அல்லாமல் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"உங்க கம்ப்யூட்டர்ல மொகம் பாத்துப் பேசலாமாமே டீச்சர். வாய்தான் இல்ல, கண்ணு இருக்குது, எடது கை இருக்குது. பொண்ணப் பாத்தா கை ஆட்டுவா. உங்க நெட்டு பின்கட்டு வரைக்கும் வருமா?"

உள்ளே வரச் சொல்லிக் கதவை அகலத் திறந்தேன்.

"ஞாயித்துக்கெழம மேல வந்து பேசிகினு இருந்தது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டேன்," என்றார்.

எங்கள் பிராட்பேண்ட் ரவுட்டர் மாடியில் தெருப்பக்கம் இருந்தது. அதன் சிக்னல் கீழே முன்கூடம்வரை நன்றாக வரும். பட்டறைச் சுவரைத் தாண்டாது. பழங்காலத்துச் சுவர், முழங்கை நீளம் தடிமன். ஆனால் என் பரண்மேல் பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தது. கனெக்ஷன் மாற்றியபோது புதிது வந்ததால் ஓய்வு பெற்றது. நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள், இதுகூடத் தெரியாதா. முதல் ரவுட்டரிலிருந்து நீளமாக ஒரு வயர் இழுத்துப் பழையதில் செருகி, அதைப் பின்கட்டில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் முதல் ரவுட்டர் ஆளுக்கொரு எண் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவதும் தன் பங்குக்கு எண் கொடுக்க ஆரம்பித்தால் குழப்பம். அதனால் இரண்டாவதன் அந்த அதிகாரத்தை அணைத்துவிட்டு, முதலாவதோடு மோதாத எண் ஒன்றை அதற்கு வைத்து, வந்ததை வாங்கிக் கொடு என்று உட்காரவைக்க வேண்டும்.

பின்கட்டு அறைக்குப் போய் இடம் பார்த்தபடியே இதை அவருக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்போ மேல இருக்கறது பெரியவரு, இது சின்னவரு. சின்னவரு வாயத் தொறக்கக் கூடாது. வாங்கி வாங்கிக் குடுத்துகினே இருக்கணும்."

"அவ்ளோதாங்க."

கட்டிலைப் பார்த்தார். "எங்க வீட்டுல அந்த வேலய இவதான் பாத்தா," என்றார்.

வயரின் இரண்டு முனையிலும் பிளக் அடிக்கும் கருவியைப் பள்ளிக்கூட லேபிலிருந்து எடுத்து வந்தேன். வயருக்குள் எட்டுக் கம்பி. நான்கு நிறம், ஒவ்வொன்றோடும் முறுக்கிக்கொண்டு அதன் வெள்ளைக்கோடு போட்ட ஜோடி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று வரிசையாக அடுக்கினேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பச்ச ஜோடியப் பிரிச்சு நடுவுல நீலத்தக் குந்த வெச்சிருக்கீங்களே. சேராது டீச்சர்."

"அது அப்படித்தாங்க வெக்கணும்."

"அசிங்கமா இருக்குது."

"உள்ள போயிட்டா யாரு பாக்கப் போறாங்க," என்று பிளக்கை அழுத்தினேன். பட்டறை உத்தரத்தின் மேலாக வயரை இழுத்து, பின்கட்டு ஜன்னலில் ரவுட்டரை வைத்தோம். லைட் எரிந்தது. லேப்டாப்பில் சென்னையிலிருக்கும் என் தம்பி முகம் தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது. அந்த அம்மா இடக்கையைத் தூக்கி அவனுக்கு ஆட்டினார். ஓனர் சுவரோடு திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கிருந்த கசப்பெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. மனுஷன் மாறுவான் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்று புவனாவுக்குச் சொல்லியிருந்தேன். அவளுக்கு அது சனி இரவு. நான் அன்று ஆராதனைக்குப் போகவில்லை. கீழே போனால் அந்த அறை வேறு அறையாக இருந்தது. அந்த அம்மாவுக்கு அரக்கு நிறப் புடவை, தலையணைக்கு அதற்கேற்ற சந்தன உறை, ஜன்னலுக்கு இளம்பச்சைத் திரை. எல்லாம் அவர் வேலை. தலைவாரிப் பொட்டு வைத்ததும் அவர்தான்.

புவனா திரையில் வந்தாள். அந்த அம்மாவின் கை மேலே எழுந்தது. "இரும்மா, பாப்பாவக் காட்றேன்," என்று அவள் குனிந்து எடுத்தாள். ஒரு வெள்ளைத் துணிப் பொதி திரைக்கு அருகில் வந்தது. அப்படியே நின்றுவிட்டது. துணியின் மடிப்பு மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, குழந்தையின் முகம் இல்லை. பிறகு அதுவும் போய்விட்டது. மாடிக்கு ஓடி ரவுட்டரை அணைத்துப் போட்டேன். மறுபடி வந்தது, இரண்டு வார்த்தை, மறுபடி நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அந்த அம்மாவின் கை மட்டும் தூக்கியது தூக்கியபடி இருந்தது. அதை இறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

என் செல்போன் அடித்தது.

"அக்கா, அவரு அங்க இருக்காரா?"

"இருக்காரும்மா."

"வயரப் புடுங்கிட்டாரா?"

"சேச்சே. ஏதோ ரிப்பேரு, பாக்கறேன்," என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

ஜன்னலில் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பிளக்குக்குள் ஆரஞ்சும் ஆரஞ்சும், பச்சையும் பச்சையும், நீலமும் நீலமும் ஜோடி ஜோடியாக, வெளிர் பக்கத்தில் அடர் நிறம் என்று வெகு அழகாக இருந்தன.

"நான்தான் டீச்சர்," என்றார். குரலில் ஒளிவு மறைவே இல்லை. "நேத்து நீங்க ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்தப்ப, மேல சாருகிட்ட சொல்லிட்டு, ரெண்டு பக்கமும் வெட்டிட்டு ஒழுங்கா போட்டேன். மெஷின் இங்கதான இருந்துது. லைட்டு நல்லா எரிஞ்சுது. நம்ம பொண்ணு வர்ற வழி, கோணலா இருக்கக் கூடாதுன்னு..."

எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. பார்க்கக் கோணலாக இருந்தாலும் அந்த வரிசையில் மூன்றாவது கம்பியும் ஆறாவது கம்பியும் ஒரே முறுக்கிலிருந்து வரவேண்டும். அதற்காகத்தான் பச்சைக்கு நடுவே நீலம். இவர் வைத்த வரிசையில் இரண்டும் வேறு வேறு ஜோடியாகிவிட்டன. குட்டை வயர் என்றால் எப்படியோ ஓடியிருக்கும். வீட்டு நீளத்துக்கு இழுத்த வயரில், லைட்டை எரியவிட்டுக்கொண்டு, படம் மாதிரிக் கனமான சரக்கு வரும்போது திணறும். இதையெல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். கட்டிலில் இருந்தபடி அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அங்கே ஒரு முனையையும் மாடிக்குப் போய் மறுமுனையையும் வெட்டி என் வரிசையில் திரும்பப் போட்டேன். நொடியில் சரியாகிவிட்டது. புவனாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அப்பா வயரைப் பிடுங்கவில்லை, நிறம் சேரவில்லை என்று மாற்றிவிட்டார், ஆசையில் செய்தது என்றேன். கேட்டால் மனசு இளகும் என்று நினைத்தேன்.

"கோவத்துல புடுங்கியிருந்தா பரவால்லக்கா. கோவம் என்னிக்காவது தீரும்," என்றாள். "நல்லதுன்னு நெனச்சிகினு பண்ணாரு பாருங்க. என்னையும் அப்டித்தான் பண்ணாரு. இது தீராது."

குழந்தை சிணுங்கியது. தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மாவுக்காக அடுத்த ஞாயித்துக்கெழம வரேன். பாப்பாவ ஆஸ்பத்திரிக்கு அழைச்சிகினு போற வாரம் இது. ஆனா அவரு அங்க இருக்கக் கூடாது."

அதையும் நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. "சரி டீச்சர். நான் தெருவுல நின்னுக்கறேன்," என்றார். அந்த வாரம் முழுக்க ரவுட்டரின் பக்கமே போகாமல், தூசிகூடத் தட்டாமல், எதிர்ச்சுவரை ஒட்டி நடந்தார்.

வியாழக்கிழமை காலை அந்த அம்மாவுக்கு இரண்டாவது முறை வந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வரும் முன்பே முடிந்துவிட்டது.

வழக்கப்படி உடலை முன்கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். புவனா என்னை அழைத்து, "அம்மா மொகத்தக் காட்டுங்கக்கா," என்றாள். லேப்டாப்பைக் கால்மாட்டில் ஒரு ஸ்டூல்மேல் வைத்தேன். முன்கூடத்தில் சிக்னல் எப்போதும் முழுசாக இருக்கும். வயரும் வேண்டாம், பழைய ரவுட்டரும் வேண்டாம். ஒரு தடவைகூட நிற்காமல் படம் ஓடியது. குழந்தையையும் காட்டினாள். நல்ல தலைமுடி. அவள் முகம் திரையில் வந்ததுமே ஓனர் எழுந்து, ஒருவரிடமும் எதுவும் சொல்லாமல், தெருவில் போய் நின்றுகொண்டார். இழவுக்கு வந்தவர்கள், பெண்டாட்டி பக்கத்தில் உட்காராமல் இந்த ஆள் என்ன மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். இன்ன காரணம் என்று நான் யாரிடம் சொல்வேன்.

அதன்பிறகு புவனா என்னைக் கூப்பிடுவதும் குறைந்து, நின்றுபோனது. கூப்பிட அவளுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்.

கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஓனர் "சேரும்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கடுகு மஞ்சளையும் ரோஸையும் நீட்டினார். "சேரும், போடு," என்று கழியைத் தொடாமலே சொன்னார். வந்தவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நாளில் வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். பட்டறையும் ஆறிப்போனது. மாடிக்கொடியில் நான் கத்திரிப்பூ பக்கத்தில் மஞ்சளை வேண்டுமென்றே போட்டுப் பார்த்தேன். மாலையில் இரண்டும் அப்படியே காய்ந்து கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் கணவருக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. சாமான்களைக் கட்டிய பிறகு பழைய ரவுட்டர் நினைவுக்கு வந்து பின்கட்டுக்குப் போனேன். ஜன்னலில் அது எரிந்துகொண்டிருந்தது. அவர் வெறும் கட்டிலில் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அத மட்டும் வுட்டுட்டுப் போங்க டீச்சர்."

"மேல கனெக்ஷன் இன்னியோட கட்டுங்க. பெரியவரு இல்லன்னா சின்னவரு ஒண்ணும் பண்ண முடியாது. இதுல எதுவும் வராது."

"லைட்டு எரியும் இல்ல?"

"எரியும்."

"போதும். இருக்கட்டும்."

மாடிக்குப் போய் என் பக்கத்து முனையைக் கழற்றினேன். வெட்டி எறிய மனம் வரவில்லை. கை எட்டுகிற வரை அந்த வயரைச் சுற்றி, சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினேன்.